சீனம் சென்ற பல்லவர் தூது

வேதியியல் மாணவனுக்கு வரலாற்றில் என்ன வேலை என்று பேராசிரியப் பெருமக்கள் கேட்கலாம். தல்லாகுளத்தில் எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். எழுதப் படிக்கத் தெரியாத தந்தையாருக்காக அலுவலகந்தோறும் சென்று பேசுபவனும் நானே. ஆகவே, தூதர் என்றால் எனக்குத் தனிப் பாசம்.

காஞ்சியில் கைலாசநாதர் கோயிலை எழுப்பிய இராசசிம்ம பல்லவன், கி.பி. 720-இல் சீனத்தின் தாங் மரபுப் பேரரசர் சுவான்சோங்கிடம் தூது அனுப்பினான். பேசும் ஐவண்ணக் கிளியொன்றும் பரிசாகச் சென்றது! அரபியரையும் திபெத்தியரையும் எதிர்க்க யானைப்படையும் குதிரைப்படையும் தருவதாகச் சொல்லி, அப்படைக்கு ஒரு பெயர் சூட்டுமாறும் வேண்டினான். பேரரசர் மகிழ்ந்து, நல்லொழுக்கத்தைப் போற்றும் படை என்று பொருள்படப் பெயரிட்டார். தூதருக்குப் பூவேலைப் பட்டாடையும் பொற்கச்சையும் கிடைத்தன. இவை சீனக் குறிப்புகள் தரும் செய்திகள்.

காஞ்சி யானை இமயத்தைத் தாண்டித் திபெத்தில் போரிடுமா? நடவாது என்பது இரு தரப்பாருக்கும் தெரிந்தே இருக்கும் என்பது என் கருத்து. பல்லவனுக்கு வேண்டியவை கடல் வாணிகமும் பேரரசின் மதிப்புமே. பெயர் கேட்டவனுக்கும் செலவில்லை, கொடுத்தவருக்கும் செலவில்லை.

தந்தையார் சினத்துடன் சொல்லியனுப்புவதை நான் பணிவாக மாற்றித்தான் சொல்கிறேன். அங்கே கிடைத்த பதிலையும் வீட்டில் சற்று மாற்றியே சொல்கிறேன். அந்தத் தூதரும் திரும்பி வருகையில், மன்னனிடம் எதை எப்படிச் சொல்வதென்று கப்பலிலேயே ஒத்திகை பார்த்திருப்பார்.