ஒளியைக் குறைக்கும் விசை: எந்த விளக்குக்கு எது பொருந்தும்?

இரப்பர்த் தோட்டங்களில் வாழ்வோருக்குக் கதிரவன் எழுமுன்பே பொழுது விடிந்துவிடுகிறது. பிரட்டுக்குச் செல்லுமுன் அடுப்பு மூட்ட வேண்டும். உணவு கட்ட வேண்டும். வாளியையும் கத்தியையும் எடுத்து வைக்க வேண்டும். இவ்வளவும் நடைபெறும் அதே கூடத்தில்தான் பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருப்பர். மண்ணெண்ணெய் விளக்கு எரிந்த நாட்களில் இதற்கு எளிய வழி ஒன்று இருந்தது. திரியைச் சிறிது திருகித் தாழ்த்தினால் போதும். குழந்தையும் விழிக்காது, அடுப்படி வேலையும் நடக்கும். மின்விளக்கு வந்தபின் அந்த வசதி மறைந்தது. எரிந்தால் முழு வெளிச்சம், அணைத்தால் முழு இருள் என்றாகிவிட்டது.

இக்குறையைப் போக்க வந்ததே, கடைக்காரர்கள் 'டிம்மர்' என்று கூறும் ஒளிக்குறைப்பு விசை. இப்பொழுது பல வீடுகளில் இதனை வாங்கிப் பொருத்துகிறார்கள். ஆனால் பொருத்திய சில நாட்களிலேயே விளக்கு துடிக்கிறது, விசை முணுமுணுக்கிறது, புதிய பல்பு ஒரு மாதத்தில் கெட்டுவிடுகிறது என்ற குறைகளும் எழுகின்றன. பல்பும் பழுதற்றது, விசையும் பழுதற்றது; இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாததே பெரும்பாலும் காரணம். பணம் கொடுத்து வாங்குமுன் இப்பொருத்தத்தை அறிந்துகொள்வது நலம்.

முற்காலத்தில் ஒளியைக் குறைப்பதற்கு மின்சாரத்தின் பாதையில் ஒரு பெரிய மின்தடையை வைத்தார்கள். நாடக அரங்குகளில் அவ்வாறே செய்தனர். விளக்குக்குப் போகாத மின்சாரம் அந்தத் தடையில் வெப்பமாக வீணாயிற்று. வீட்டுச் சுவரில் வைக்கத்தக்க கருவியன்று அது. 1959 ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ஜோயல் ஸ்பைரா என்னும் அமெரிக்கர் வேறொரு வழியைக் கண்டார். மின்சாரத்தைத் தடுத்து வெப்பமாக்குவதற்குப் பதிலாக, அதனை நொடிக்குப் பலமுறை நிறுத்தி நிறுத்தி விடும் சிறிய மின்னணுக் கருவியை அவர் அமைத்தார். இன்று சுவர்களில் நாம் காணும் டிம்மர்கள் பெரும்பாலும் அந்த வழியைப் பின்பற்றியவையே.

நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. ஒவ்வொரு சுழற்சியிலும் இரண்டு அலைகள் எழுந்து தாழ்வதால், நொடிக்கு 100 அலைகள் விளக்கை அடைகின்றன. டிம்மர் ஒவ்வோர் அலையிலும் ஒரு பகுதியை வெட்டிவிட்டு எஞ்சியதை மட்டும் அனுப்புகிறது. வெட்டும் பகுதி கூடக்கூட ஒளி குறைகிறது. நொடிக்கு நூறு முறை மின்சாரம் அறுபட்டும் பழைய குண்டு பல்பு ஏன் துடிக்கவில்லை என்று கேட்கலாம். அதன் உள்ளே இருப்பது சூடேறி ஒளிவிடும் கம்பி. மரத்தைச் சீவிவிட்டுக் கத்தியை எடுத்த பின்னும் பால் வடிந்துகொண்டிருப்பதுபோல, மின்சாரம் நின்ற சிறு கணத்திலும் அந்தக் கம்பி தன் வெப்பத்தால் ஒளிர்ந்துகொண்டே இருக்கும். எனவே குண்டு பல்புக்கு ஏறக்குறைய எந்த டிம்மரும் பொருந்திற்று. அதே வகையில் கம்பி சூடேறி ஒளிரும் 230 வோல்ட் ஹேலஜன் பல்புக்கும் இது பொருந்தும்.

அந்தக் காலம் போய்விட்டது. குண்டு பல்புகளின் உற்பத்தியையும் விற்பனையையும் 2014 ஆம் ஆண்டை எல்லையாகக் கொண்டு படிப்படியாக நிறுத்த மலேசிய அரசாங்கம் 2010 இல் முடிவு செய்தது. இன்று வீடுகளில் எரிபவை பெரும்பாலும் எல்.இ.டி. விளக்குகள். தொல்லையும் இங்கேதான் தொடங்குகிறது.

எல்.இ.டி. பல்பினுள் சூடேறும் கம்பி கிடையாது. மின்சாரம் வந்தால் அக்கணமே ஒளிரும். நின்றால் அக்கணமே அணையும். மேலும், அதன் அடிப்பாகத்தில் ஒரு சிறிய மின்சுற்று இருக்கிறது. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை, தனக்கு வேண்டிய குறைந்த அளவுக்கு மாற்றி ஒரே சீராகக் கொடுப்பது அதன் வேலை. டிம்மர் மின்சாரத்தை வெட்டி வெட்டிக் குறைக்க முயல்கிறது. பல்பினுள் இருக்கும் சுற்றோ குறைந்ததை ஈடுசெய்து சீராக்க முயல்கிறது. ஒரே மாட்டை இருவர் இரு பக்கம் இழுப்பது போன்ற நிலை. ஒளி துடிப்பதும், பல்பு சூடேறிச் சீக்கிரம் கெடுவதும் இதன் விளைவுகளே. ஒளிக்குறைப்புக்கு ஏற்றவாறு சுற்று அமைக்கப்பட்ட எல்.இ.டி. பல்புகள் தனியாக விற்கப்படுகின்றன. அவற்றின் பெட்டியில் 'டிம்மபிள்' என்ற சொல் அச்சிடப்பட்டிருக்கும். அச்சொல் இல்லையேல், அந்தப் பல்பு டிம்மருக்கு உரியதன்று என்றே கொள்ள வேண்டும். சில பெட்டிகளில் டிம்மர் குமிழின் படத்தின்மீது குறுக்குக் கோடு இட்டிருப்பார்கள். அதற்கும் இதுவே பொருள்.

பல்பைச் சரியாகத் தேர்ந்துவிட்டால் மட்டும் போதாது. டிம்மரிலும் இரு வகைகள் உள்ளன. ஒவ்வோர் அலையின் தொடக்கத்தையும் வெட்டுவது ஒரு வகை; முடிவை வெட்டுவது மற்றொரு வகை. முதல் வகை பழையது, விலை மலிந்தது, குண்டு பல்புக்காகப் பிறந்தது. அதில் மின்சாரம் ஒவ்வொரு முறையும் திடீரென்று பாய்வதால் எல்.இ.டி. சுற்று அதிர்கிறது, இரைச்சலும் எழுகிறது. இரண்டாம் வகையில் மின்சாரம் மெல்ல எழுந்து பின் நிற்பதால் எல்.இ.டி.க்குப் பொதுவாக அதுவே ஏற்றது. டிம்மரின்மீது 'ஆர்', 'எல்', 'சி' என்னும் ஆங்கில எழுத்துகள் காணப்படலாம். 'ஆர், எல்' என்றிருந்தால் பெரும்பாலும் முதல் வகை. 'ஆர், சி' என்றிருந்தால் இரண்டாம் வகை. மூன்றும் இருந்தால் இரு விதமாகவும் இயங்கக்கூடியது. எழுத்துகளை ஆராய நேரமில்லையெனில், 'எல்.இ.டி.க்கு உரியது' என்று பெட்டியில் தெளிவாகக் குறிப்பிட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

வாட் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 40 முதல் 400 வாட் வரை என்று எழுதிய பழைய டிம்மர் ஒன்று சுவரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 60 வாட் குண்டு பல்பு எரிந்தபோது அது சரியாக இயங்கிற்று. அதே இடத்தில் 9 வாட் எல்.இ.டி. பல்பைப் போட்டால் 40 வாட் என்ற கீழ் எல்லையை எட்டவில்லை. அதனால் விளக்கு துடிக்கும். சில வேளை ஏற்றவே மறுக்கும். சில வேளை அணைத்த பின்னும் மங்கலாக எரிந்துகொண்டிருக்கும். இதைக் கண்டு பேய் பிசாசு என்று அஞ்ச வேண்டியதில்லை. டிம்மர் வழியே கசியும் மிகச் சிறிய மின்சாரமே காரணம். மறுபுறம், மேல் எல்லை 400 வாட் ஆயிற்றே, 9 வாட் பல்புகள் நாற்பது மாட்டலாமே என்று எண்ணுவதும் தவறு. எல்.இ.டி. பல்புகள் எரியத் தொடங்கும் கணத்தில் தம் வாட் அளவைவிடப் பன்மடங்கு மின்சாரத்தை இழுக்கின்றன. எல்.இ.டி.க்கு என்று தனி அளவு எழுதப்படாத பழைய டிம்மரில், மேல் எல்லையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாதிருப்பது பாதுகாப்பானது. அதாவது 400 வாட் டிம்மருக்கு நான்கு பல்புகளே.

குழல் விளக்கை, கடைகளில் 'லம்பு கலிமந்தாங்' என்று கேட்டு வாங்கும் அந்த நீண்ட விளக்கை, வீட்டு டிம்மரில் இணைக்கவே கூடாது. சுருள் வடிவிலான சிக்கன விளக்குகளும், பெட்டியில் சிறப்பாகக் குறிப்பிட்டிருந்தாலன்றி, அவ்வாறே. கைத்தொலைபேசியாலோ தொலைவிசையாலோ ஒளியைக் குறைக்கும் புதுவகைப் பல்புகளுக்கு டிம்மர் தேவையுமில்லை, ஆகவும் ஆகாது. இரண்டு மூன்று வகைப் பல்புகளை ஒரே டிம்மரில் கலந்து மாட்டுவதும் தொல்லையே.

காற்றாடியின் வேகத்தைக் குறைக்கும் விசையைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டும். பார்வைக்கு அதுவும் டிம்மரும் ஒன்றுபோலவே இருக்கின்றன; இரண்டிலும் திருகும் குமிழ் உண்டு. காற்றாடி விசை வீட்டில் சும்மா கிடக்கிறது, விளக்குக்குப் போட்டால் என்ன என்று சிலர் எண்ணுகிறார்கள். விளக்கு ஒழுங்காகக் குறையாது; பல்பும் கெடலாம். அதைவிட ஆபத்தானது, விளக்கு டிம்மரைக் கூரைக் காற்றாடிக்கு மாட்டுவது. மோட்டார் உறுமும், சூடேறும், நாளடைவில் சுற்றுக்கம்பி கருகும். அந்தக் காற்றாடியின் கீழேதான் இரவு முழுவதும் உறங்குகிறோம்.

டிம்மரை மாற்றுவது பல்பை மாற்றுவது போன்றதன்று. சுவருக்குள் இருக்கும் மின்கம்பிகளில் கைவைக்கும் வேலை. எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று பெற்ற மின்கம்பிப் பணியாளரே அதனைச் செய்ய வேண்டும். தோட்டக் குடியிருப்பாயின் முதலில் நிர்வாகத்திடம் தெரிவித்துவிடுங்கள். பல்பை மாற்றும்போதுகூட, டிம்மரை அணைத்தால் போதுமென்று இராமல் மெயின் சுவிட்சையே அணைத்துவிடுங்கள். அணைத்த டிம்மரிலும் மின்சாரம் கசியும் என்பதை மேலே கண்டோம். இணையத்தில் வாங்குவோர் 220–240 வோல்ட், 50 சுழற்சி என்றிருப்பதையும் சிரிம் சான்று முத்திரையையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவுக்குரிய 120 வோல்ட் கருவி நமக்குப் பயன்படாது.

டிம்மரால் மின்கட்டணம் வெகுவாகக் குறையும் என்று விற்பனையாளர் கூறினால் நம்ப வேண்டாம். 9 வாட் எல்.இ.டி. பல்பு நாளொன்றுக்கு 5 மணி நேரம் எரிந்தால் மாதத்திற்கு 1.35 யூனிட்தான் ஆகிறது. ஒளியைப் பாதியாக்கினாலும் மிச்சம் ஒரு யூனிட்டுக்கும் குறைவே. கண்ணுக்கு இதமும் பிள்ளைகளின் உறக்கமுமே டிம்மரின் பயன்.

அந்தப் பயனுக்கு டிம்மர்தான் வேண்டும் என்பதுமில்லை. சாதாரண விசையையே இரண்டு மூன்று முறை அணைத்துப் போட்டால் ஒளி படிப்படியாகக் குறையும் எல்.இ.டி. பல்புகளும் கிடைக்கின்றன. சுவரில் எதையும் மாற்ற வேண்டாம். தோட்ட வீடுகளுக்கு இதுவே மேலானது என்பது எம் கருத்து. அடுப்படியில் 3 வாட் சிறு பல்பு ஒன்றைத் தனியாக எரியவிடுவது அதனினும் மலிவு.

இவற்றையும் மீறி டிம்மரே வேண்டுமென்போர் முதலில் ஒரே ஒரு பல்பை வாங்கி மாட்டிப் பாருங்கள். மிகக் குறைந்த ஒளியில் பத்து நிமிடம் எரியவிடுங்கள். துடிக்காமலும் முணுமுணுக்காமலும் எரிந்தால் மற்றவற்றை வாங்கலாம். விசையின் மேற்பலகை சற்று வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. கை வைக்க முடியாத சூடாயின் உடனே அணைத்துவிட வேண்டும். பெட்டியையும் ரசீதையும் சில வாரங்களுக்கு எறியாதீர்கள். பொருந்தாத பல்பை மாற்றித் தரும்படி கடைக்காரரிடம் கேட்க அவை வேண்டியிருக்கும்.