குதிரை நடந்த கரையில் சைக்கிள்

பாதை அமைத்தல் அரிது. அமைத்த பாதையை, அதன் முதற்பயன் ஒழிந்த பின்னரும் பேணிக் காத்தல் அதனினும் அரிது. இதற்குச் சான்றாக, பிரெஞ்சு நாட்டின் தென்பகுதியில் ஓடும் ஒரு கால்வாயையும் அதன் கரைப்பாதையையும் பற்றி நம் சங்கத்து அன்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன். ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்ப்பவனுக்குக் கால்வாயில் என்ன அக்கறை என்று சிலர் வினவக்கூடும். அக்கால்வாயின் வாணிகத்தை வென்றதே புகைவண்டிதான். வென்றவர் பக்கத்தில் நிற்பவன் தோற்றவர் வரலாற்றையும் அறிந்திருப்பது முறையன்றோ?

‘மிடி’ என்பது பிரெஞ்சு மொழியில் தென்னாட்டைக் குறிக்கும் சொல். மிடிக் கால்வாய், துலூஸ் நகரில் தொடங்கி, செத் துறைமுகத்திற்கு அருகில் உள்ள தோ என்னும் உப்பங்கழியில் முடிகிறது. இதன் நீளம் 240 கிலோமீட்டர். துலூஸிலிருந்து கரோன் ஆற்றின் வழியே அட்லாண்டிக் மாகடலை அடையலாமாதலின், ஸ்பெயின் நாட்டைச் சுற்றி வராமலே இரு கடல்களையும் இணைக்கும் வழி இதனால் கிடைத்தது. இதனை எண்ணித் துணிந்தவர் பியேர் போல் ரிக்கே என்பவர். இவர் கற்றறிந்த பொறியியல் வல்லுநர் அல்லர். உப்பு வரி தண்டும் குத்தகைக்காரர். 1666-ஆம் ஆண்டு மன்னர் பதினான்காம் லூயி இவ்வேலைக்கு ஆணை பிறப்பித்தார்.

வெட்டுவது பெரிதன்று, வெட்டிய கால்வாயில் நீரை நிறுத்துவதே பெரும் பாடு. இடையில் நாரூஸ் என்னும் மேட்டுநிலம் இருக்கிறது. கடல் மட்டத்திற்குச் சுமார் 190 மீட்டர் உயரத்தில் உள்ள அவ்விடத்திலிருந்து கால்வாய் இருபுறமும் இறங்கியாக வேண்டும். மேட்டில் இடையறாது நீர் வாராவிடில் இருபுறமும் வற்றிவிடும். ரிக்கே, ‘கருமலை’ எனப் பெயர்பெற்ற மலைத்தொடரின் ஓடைகளை வாய்க்கால்களால் திரட்டி நாரூஸுக்குக் கொணர்ந்தார். சேன் பெரியோல் என்னுமிடத்தில் 1667-இல் தொடங்கி 1672-இல் முடித்த அணையில் 60 லட்சம் கன மீட்டருக்கு மேல் நீர் தேங்கும். ஏற்ற இறக்கங்களில் படகு செல்வதற்காக, முன்னும் பின்னும் கதவுகள் கொண்ட நீர்த்தொட்டிகள் கட்டப்பட்டன. படகு உள்ளே புகுந்ததும் கதவை அடைத்து, நீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்திற்கு அனுப்புவார்கள். பெசியே நகருக்கு அருகே போன்செரான் என்ற இடத்தில் இத்தகைய தொட்டிகள் எட்டு, மாடிப்படிகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன.

வேலை மும்முரமாக நடந்த காலத்தில் சுமார் 12,000 பேர் உழைத்தனர். அவர்களுள் பெண்களும் பலர். மழையால் வேலை நின்ற நாளுக்கும், ஞாயிற்றுக்கிழமைக்கும், நோயுற்றுக் கிடந்த நாளுக்கும் ரிக்கே கூலி கொடுத்தார் என்பது குறிப்பிடத்தக்கது. முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு முதலாளி இவ்வாறு செய்தார் என்பதைக் கேட்கும்போது, மாதச் சம்பளக்காரராகிய நமக்கு வியப்புண்டாகிறது. ஆனால் தம் செல்வமெல்லாம் இதிலே கரைய, கடன்பட்டவராய், 1680-ஆம் ஆண்டு அவர் மறைந்தார். 1681 மே மாதம் கால்வாய் திறக்கப்பட்டபோது அதைக் காண அவர் இல்லை.

இனிக் கரைப்பாதைக்கு வருவோம். அக்காலத்தில் படகுக்கு இயந்திரம் ஏது? கரையில் நடக்கும் குதிரைகள் நீண்ட கயிற்றால் படகை இழுத்துச் சென்றன. அக்குதிரைகளுக்காகவே கரைநெடுகிலும் மேடுபள்ளம் குறைந்த பாதை அமைத்தனர். பிற்காலத்தில் அமெரிக்க நாட்டின் தலைவராக விளங்கிய தாமஸ் ஜெபர்சன், பிரான்சில் தூதராக இருந்தபோது, 1787-இல் இவ்வழியே பயணம் செய்தார். தம் கோச்சு வண்டியின் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, வண்டியைப் படகின்மேல் ஏற்றிக்கொண்டு சென்றவர், பெரும்பொழுது கரையில் இறங்கி நடந்தே வந்தாராம்.

பின்னர் எம்மவர் வந்தனர். போர்தோ நகரிலிருந்து செத் வரையுள்ள இருப்புப்பாதை 1857-இல் நிறைவெய்தியது. அடுத்த ஆண்டே, 1858-இல், அந்த ரயில்வேக் கம்பெனி கால்வாயையும் 40 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டது. போட்டியாளனை எதிர்த்து வெல்வதைக் காட்டிலும் அவன் கடையையே குத்தகைக்கு எடுப்பது எளிதன்றோ! படகுச் சரக்கின் கட்டணம் ரயிலுக்கு இடையூறு ஆகாதவாறு வைக்கப்பட்டது. 1898-இல் கால்வாய் அரசின் கைக்கு வந்தபோது அதன் வாணிகம் நலிந்திருந்தது. இருபதாம் நூற்றாண்டில் இயந்திரப் படகுகள் வந்தன. குதிரைகள் ஓய்வு பெற்றன. 1980-களில் சரக்குப் படகுகளும் அறவே நின்றன. இன்று ஓடுபவை உல்லாசப் படகுகளே.

ஆயினும் கரைப்பாதை பாழடையவில்லை. சைக்கிள்காரர் அதனைக் கைக்கொண்டனர். துலூஸிலிருந்து கிழக்கே சுமார் 50 கிலோமீட்டர் வரை வழவழப்பான தார்ப்பாதை. அதற்கப்பால், செப்பனிடப்பட்ட பகுதிகள் நீங்கலாக, மண்ணும் சரளையும் மரவேர்களும் நிறைந்த ஒற்றையடித் தடமே மிகுதி. மெல்லிய டயர் உடைய சைக்கிள் அங்கே துள்ளித் துள்ளித் தடுமாறும். எனவே பலரும் தடித்த டயரும் உறுதியான சட்டமும் வாய்ந்த மலைச் சைக்கிளைக் கொண்டு செல்கின்றனர். இவ்வகைச் சைக்கிள் 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தோன்றியது. பிரெஞ்சுக்காரர் அதனை ‘எந்நிலத்திற்கும் ஏற்ற சைக்கிள்’ என்று பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். வல்லவர்கள் கருமலைக்கே ஏறி, ரிக்கே வெட்டிய வாய்க்கால்களின் ஓரமாகக் காட்டுவழியே இறங்கி வருவதும் உண்டு.

செல்லும் வழியில் காண்பவை பல. வெள்ளை மொச்சையை வாத்திறைச்சியோடு வேகவைக்கும் பண்டத்திற்குப் பேர்போன காஸ்தெல்நோதாரி, இரட்டை மதில் சூழ்ந்த கார்க்கசோன் கோட்டை, கண்ணுக்கெட்டிய தொலைவும் திராட்சைத் தோட்டங்கள், ஒடுங்கிய கல்பாலங்கள், தொட்டிக் கதவுகளைக் காப்போரின் சிறு வீடுகள் ஆகியவை வரிசையாக வரும். போன்செரானுக்கு மேற்கே சுமார் 54 கிலோமீட்டருக்குத் தொட்டியே இல்லை. நீர் ஒரே மட்டத்தில் மலைச்சரிவை ஒட்டி வளைந்து வளைந்து செல்கிறது. காற்று ஒன்றே பகை. மேற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் மாறிமாறிப் பலமாக வீசும். அப்போது சமநிலமும் மலையேற்றமாகிவிடும்.

அந்நெடும்பரப்பில் மால்பா என்றொரு குன்று உண்டு. 1679-ஆம் ஆண்டளவில் ரிக்கே அதனைக் குடைந்து கால்வாயைச் செலுத்தினார். படகு செல்லக் குடைந்த சுரங்கங்களில் இதுவே முந்தியது என்பர். அதற்குக் கீழே, பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடைந்த ரயில் சுரங்கம் உள்ளது. அதற்கும் கீழே, பதின்மூன்றாம் நூற்றாண்டில் மோந்தாடி ஏரியை வடித்து விளைநிலமாக்க மக்கள் வெட்டிய வடிகால் ஓடுகிறது. இம்மூன்றுக்கும் மேலே குன்றின்மீது ஏறிச் செல்கிறான் சைக்கிள்காரன். ஒரு குன்றுக்குள் உழவனும் படகோட்டியும் ரயில்காரனும் அமைத்த வழிகள் ஒன்றையொன்று இடிக்காமல் இருக்கின்றன! மிதித்துக் களைத்தவர் அருகிலுள்ள நிலையத்திற்குச் சென்று, சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு ரயிலில் துலூஸ் திரும்பலாம். பண்டைப் பகைவர் இன்று ஒருவருக்கொருவர் உதவி செய்கின்றனர்.

வென்ற ரயிலுக்கும் பின்னர் அதே கதி நேர்ந்தது என்பதை மறைப்பதற்கில்லை. மோட்டார் பெருகியதும் பிரான்சில் பல கிளைப்பாதைகள் மூடப்பட்டன. பர்கண்டி வட்டாரத்தில், கிவ்ரி, குளுனி என்னும் ஊர்களுக்கு இடையே தண்டவாளம் பெயர்த்த 44 கிலோமீட்டர்ப் படுகையில் 1997-இல் சைக்கிள்களுக்கும் நடப்போருக்கும் உரிய பசுமைப் பாதை ஒன்றைத் திறந்தனர். பழைய படுகைகளில் அத்தகைய பாதைகள் பின்னர்ப் பல தோன்றின. ரயில் செங்குத்தாக ஏறாது; ஆகவே அதன் படுகையில் முதியோரும் சிறுவரும் எளிதில் மிதிக்கலாம். குதிரையின் பாதையும் எஞ்சினின் பாதையும் முடிவில் கால்விசையால் செல்வோனுக்கே வந்து சேர்ந்தன. வென்றோம் என்று எம் துறையினர் இறுமாந்திருக்க இடமில்லை.

இப்போது மிடிக் கால்வாய்க்கு வேறோர் இடர் வந்துள்ளது. அதன் கரைகளில் சுமார் 42,000 பிளேன் மரங்கள் நிழல் பரப்பி நின்றன. இவை பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடப்பட்டவை. வடநாட்டில் வாழும் நம்மவர் காஷ்மீரத்துச் சினார் மரத்தைக் கண்டிருப்பர். அதற்கு நெருங்கிய இனம் இது. இம்மரங்களைக் கொல்லும் பூஞ்சணம் ஒன்று 2006-இல் கார்க்கசோனுக்கு அருகே கண்டறியப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையினரின் மரப்பெட்டிகளோடு ஐரோப்பாவிற்கு வந்து சேர்ந்த நோய் இது எனக் கருதப்படுகிறது. வேரோடு வேர் தொட்டும், நீர் வழியாகவும், காயம்பட்ட பட்டை வழியாகவும் பரவும். மருந்தில்லை. ஆகவே நோயுற்றவற்றை வெட்டி எரிக்கின்றனர். இவ்வாறு பல்லாயிரம் மரங்கள் போய்விட்டன. கரையை இறுகப் பிடித்திருந்த வேர்களும் அவற்றோடு போயின. சில பகுதிகளில் சைக்கிள்காரர் இன்று கடும் வெயிலில் செல்கின்றனர்.

ஆயினும் அந்நாட்டினர் கைவிடவில்லை. நீர்வழிகளைப் பேணும் அரசு நிறுவனம், பொதுமக்களின் நன்கொடையையும் வேண்டிப் பெற்று, கருவாலி முதலிய வேறு மரங்களை நட்டு வருகிறது. ஒரே இனத்தை நட்டால் ஒரே நோயில் யாவும் மாளும் என்ற பாடத்தைக் கற்று, இம்முறை பல இனங்களைக் கலந்து நடுகின்றனர். இன்று நட்ட கன்றின் முழு நிழலை நட்டவர் காண்பது அரிது. ரிக்கேயும் தம் கால்வாயில் படகு ஓடக் கண்டாரில்லை அல்லவா?

யுனெஸ்கோ நிறுவனம் 1996-இல் இக்கால்வாயை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. பட்டம் மட்டும் ஒரு பாதையைக் காத்துவிடாது. நாள்தோறும் அதன்மீது செல்லும் கால்களும், ஆண்டுதோறும் அதனைச் செப்பனிடும் கைகளும் வேண்டும். நம் சங்கத்துக் குடும்பத்துப் பிள்ளைகள் படிப்பின் பொருட்டோ பணியின் பொருட்டோ அந்நாட்டுக்குச் செல்ல நேர்ந்தால், ஒரு வாரம் ஒதுக்கி இக்கரையில் சைக்கிள் மிதித்து வரட்டும். வேனிற்கால வெம்மையைத் தவிர்த்து, மே மாதத்திலோ செப்டம்பரிலோ செல்வது நலம். நடந்து செல்வோருக்கு வழிவிட்டு, மரப்பட்டையில் கீறல் படாமல், மெல்லச் செல்லட்டும். அப்பாதை குதிரையின் நடைக்கென்று அமைந்தது. விரைந்து ஓடுவோருக்கு அது தன் அழகைக் காட்டாது.