'வின்டேஜ்' என்று எழுதியிருந்தால் போதாது

கொல்லிமலையில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிற ஒருவர் பிக்கப் மாற்ற வேண்டுமென்றால், 70 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ போக வேண்டும். போனாலும் பிக்கப்பைத் தனியாக வைத்து விற்கும் கடை எளிதில் அகப்படாது. ஆகவே பெரும்பாலும் செல்போனில்தான் ஆர்டர் போடுகிறார்கள். கையில் எடுத்துப் பார்க்காமல், காதால் கேட்காமல் காசு கட்டும்போது, விற்பவர் எழுதியிருக்கும் 'வின்டேஜ்' என்ற ஒற்றைச் சொல்லே விலையை ஏற்றிவிடுகிறது. பிக்கப்பைப் பொறுத்தவரை அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் எந்த வரையறையும் இல்லை. யாரும் எந்தப் பிக்கப்பின்மேலும் ஒட்டலாம்.

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி 0.06 மில்லிமீட்டர் அளவுள்ள செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய காயில். மேலே இரும்புக் கம்பி அதிரும்போது அந்தக் காயிலில் மின்சாரம் பிறக்கிறது. ஆம்ப் அதைப் பெரிதாக்குகிறது. பழைய பாணி என்று இன்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை இரண்டு மூலங்களின் நகல்கள். ஒன்று, 1954-இல் ஃபெண்டர் கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் சிங்கிள் காயில். மற்றொன்று, கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் வடிவமைத்த இரட்டைக் காயில் ஹம்பக்கர். அதற்கு 1955-இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள், 1959-இல்தான் கிடைத்தது. 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' (பேட்டன்ட் அப்ளைட் ஃபார்) என்ற சீட்டு அடியில் ஒட்டியிருந்ததால் அதற்குப் 'பி.ஏ.எஃப்.' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்த நாளில் செய்த பி.ஏ.எஃப்.களில் சுற்றுகளின் எண்ணிக்கையும் காந்தத்தின் வகையும் ஒன்றுக்கொன்று மாறின. மூலத்திலேயே ஒரே குரல் இல்லாதபோது, 'அசல் 1959 ஒலி' என்ற விளம்பரத்தை எவராலும் நிரூபிக்க முடியாது. அதற்காகக் கூடுதல் பணம் தரத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

எண்ணாகச் சொல்லக்கூடியதைக் கேளுங்கள். காந்தம் அல்நிகோவா, செராமிக்கா? அல்நிகோ என்றால் 2-ஆ, 5-ஆ? கம்பி 42 கேஜா? மின்தடை எத்தனை கிலோ ஓம்? பழைய ஸ்ட்ராட் பாணிக்கு 6-ஐ ஒட்டியும், பி.ஏ.எஃப். பாணிக்கு ஏறத்தாழ 7-லிருந்து 8.5 வரையும் இருப்பது வழக்கம். மெழுகில் தோய்த்ததா? பி.ஏ.எஃப். பாணியில் தோய்க்காதது பழைய முறைக்கு நெருக்கம். ஆனால் ஆம்பின் சத்தத்தைக் கூட்டினால் கீச்சிடும். மலிவான சிங்கிள் காயில்களில் இரும்புத் துண்டுகளை நட்டு அடியில் செராமிக் பட்டையை ஒட்டியிருப்பார்கள். அதுவும் ஒலிக்கும், அதை அல்நிகோ என்று சொல்லி விற்பதுதான் குற்றம். புரட்டிப் பார்த்தால் பட்டை கண்ணுக்கே தெரியும். இந்தக் கேள்விகளுக்கான பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் பதிலும் சான்றுதான்.

மின்தடை எண்ணை வைத்து மட்டும் சண்டைக்குப் போய்விடவும் கூடாது. செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடும். 20 டிகிரி குளிரில் கொல்லிமலைச் செம்மேட்டில் 8.0 காட்டும் பிக்கப், 35 டிகிரி வெயிலில் நாமக்கல்லில் 8.5-ஐ நெருங்கும். இரண்டும் ஒரே பொருள்தான். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் 8 என்று சொன்னது 5 காட்டினால் கேட்க வேண்டும்.

பெட்டியைப் பிரிப்பதிலிருந்தே வீடியோ எடுத்துவிடுங்கள். பிறகு மல்டிமீட்டரை வைத்து அளந்து, துளைகளின் இடைவெளியைக் கிட்டாரோடு ஒப்பிட்டு, ஒத்துவந்த பின்னரே சால்டர் வையுங்கள். ஒயரை வெட்டிவிட்டால் பெரும்பாலான கடைகள் திரும்ப வாங்க மறுக்கும். பலருடைய பணம் போவது இந்த அவசரத்தில்தான். சால்டர் வைக்கும்போது ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். ஈயம் கலந்த சால்டர் என்றால் முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

உயிருக்கே ஆபத்தான ஒன்றும் உண்டு. கிட்டாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஆம்பின் உலோக உடலோடு இணைந்திருக்கின்றன. ஆம்பின் மூன்று முனைப் பிளக்கில் எர்த் முனையை உடைத்துவிட்டோ, எர்த் இல்லாத ஜெனரேட்டரில் சொருகியோ வாசித்தால், உள்ளே ஒரு கோளாறு ஏற்பட்டதும் கம்பிகளில் மின்சாரம் வந்துவிடலாம். அந்த நிலையில் மைக்கைத் தொட்டால் உடல் வழியே பாயும். 'ஸ்டோன் த குரோஸ்' குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, 1972 மே 3 அன்று வேல்ஸின் ஸ்வான்சி நகர மேடையில், எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு இறந்தார். கொல்லிமலையில் ஆடி 18-ஐ ஒட்டி நடக்கும் வல்வில் ஓரி விழா போன்ற மழைக்கால மேடைகளில் ஈரத் தரையில் நின்று வாசிப்பவர்கள், வயரிங் செய்தவரிடம் எர்த் இருக்கிறதா, மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று தயங்காமல் கேட்க வேண்டும்.

இனி, ஏமாந்துவிட்டால் என்ன வழி? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 உங்கள் பக்கம் நிற்கிறது. 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி, பொருள் பழுதாகவோ, போலியாகவோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாததாகவோ இருந்தால் விற்பவர் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது. எந்த நாட்டில் செய்தது என்பதைக் காட்ட வேண்டும். புகாரை 48 மணி நேரத்தில் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பில்லில் கெடு எதுவும் போடாத கடை, பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தை 30 நாளுக்குள் தராவிட்டால் அது முறையற்ற வணிகம். பிரபல நிறுவனத்தின் போலிச் சீட்டை ஒட்டி விற்பது, வணிகச் சின்னங்கள் சட்டம் 1999-இன்படி ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

ஆர்கெஸ்ட்ராவில் வாசித்துப் பிழைப்பவர், 'நான் தொழிலுக்கு வாங்கினேன், எனக்குச் சட்டம் பொருந்தாது' என்று விட்டுவிட வேண்டாம். சுயதொழிலில் வயிற்றுப்பாட்டுக்காக வாங்கினாலும் நீங்கள் நுகர்வோர்தான். ஆனால் முகம் தெரியாத தனிநபர் தன் பழைய பிக்கப்பை ஃபேஸ்புக்கில் விற்றால் மேற்சொன்ன மின்வணிக விதிகள் அவரைக் கட்டுப்படுத்தா, முன்பணம் அனுப்பாதீர்கள். பணத்தை வாங்கிக்கொண்டு மறைந்துவிட்டால் உடனே இணையக் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். வெளிநாட்டுக் கடையில் நேரடியாக வாங்கினால் சுங்க வரி உங்கள் தலையில் விழும். அங்கே இருப்பவரிடம் பணத்தைத் திரும்ப வாங்குவதும் கடினம்.

கடை அசையாவிட்டால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் நாமக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கடை டெல்லியில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இணையத்தில் மனு செய்யலாம். காணொலி வழியாக விசாரிக்கும்படி கேட்கலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. சிக்கல் எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் மனு செய்துவிட வேண்டும். அதுவரை பில்லையும் விற்பவர் அனுப்பிய பதில்களையும் அழிக்காமல் வைத்திருங்கள்.