புற்றுநோய்தான்... ஆனால், உடனே மருந்து வேண்டாம்!

மலத்தில் ரத்தம் தெரிந்தால், 'மூலமாகத்தான் இருக்கும்' என்று பலரும் தாங்களே முடிவு செய்துவிடுகிறார்கள். பல நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால், பெருங்குடலில் வரும் கட்டிகளுக்கும் இதே அறிகுறி உண்டு. அவற்றில் அபூர்வமான ஒன்று, மெதுவாக வளரும் லிம்போமா.

வழக்கமான பெருங்குடல் புற்றுநோய், குடலின் உட்சுவர் செல்களில் தொடங்குவது. லிம்போமாவோ, நோய் எதிர்ப்புக்கு உதவும் லிம்போசைட் என்ற வெள்ளையணுக்களில் உருவாவது. இதில் 'மால்ட் லிம்போமா' என்ற வகையை 1983-ல் பீட்டர் ஐசக்சன், டென்னிஸ் ரைட் என்ற மருத்துவர்கள் அடையாளம் காட்டினார்கள். இது அதிகம் வருவது இரைப்பையில்தான், பெருங்குடலில் அரிது.

எப்படித் தெரியும்?

சிலருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. வேறு காரணத்துக்காகச் செய்த கொலனோஸ்கோபியில் சின்ன பாலிப் போலத் தென்படும். கண்ணால் பார்த்து மட்டும் இதை உறுதிசெய்ய முடியாது. துளி சதையை எடுத்து பயாப்சி செய்து, செல்களில் 'சிடி20' போன்ற புரதங்கள் இருக்கின்றனவா என்று சிறப்புச் சாயமிட்டுப் பார்க்க வேண்டும். அதன்பின் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, இரைப்பை எண்டோஸ்கோபி, தேவைப்பட்டால் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை... எல்லாம், நோய் வேறெங்காவது இருக்கிறதா என்று அறியத்தான்.

காத்திருப்பதும் சிகிச்சையே!

'கேன்சர்' என்று சொன்ன அதே டாக்டர், 'இப்போதைக்கு மருந்து வேண்டாம், சில மாதம் கழித்து வாங்க' என்றால் குடும்பமே ஆடிப்போகும். 'கைவிட்டுட்டாங்களோ' என்று பயந்து, கண்ட மருந்துகளைத் தேடிப்போகிறவர்களும் உண்டு. ஆனால், தொந்தரவு தராத, மெதுவாக வளரும் லிம்போமாவைக் கண்காணித்து வருவதும் அங்கீகரிக்கப்பட்ட முறையே. தேவையில்லாத பக்கவிளைவுகளை அது தவிர்க்கிறது.

கட்டி ஓரிடத்தில் மட்டும் இருந்தால் எண்டோஸ்கோபி மூலமோ, அறுவை சிகிச்சையிலோ அகற்றலாம். பரவியிருந்து தொந்தரவும் தந்தால், ரிட்டுக்ஸிமாப் மருந்தை ஊசி வழியே தருவார்கள். தேவைப்பட்டால் கீமோதெரபியும் சேரும். ரிட்டுக்ஸிமாப் போடும் முன் ஹெபடைட்டிஸ்-பி பரிசோதனை அவசியம். உடலில் பதுங்கியிருக்கும் அந்த வைரஸ் மீண்டும் தலைதூக்கினால், கல்லீரல் பாதிக்கப்படும்.

மறக்கக் கூடாதது

'ஒன்றும் செய்யவில்லையே' என்று செக்கப்புக்குப் போகாமல் விடுவதுதான் ஆபத்து. பல வருடங்கள் கழித்தும் இது திரும்ப வரலாம்; சிலருக்கு வேகமாக வளரும் வகையாக மாறலாம். தொடர் காய்ச்சல், இரவில் உடை நனையுமளவு வியர்வை, காரணமில்லாத எடைக்குறைவு, மீண்டும் ரத்தக்கசிவு... இவற்றில் எது வந்தாலும், டாக்டர் குறித்துக்கொடுத்த தேதிவரை காத்திருக்க வேண்டாம்.