மருத்துவமனைக்கும் வாக்குப்பெட்டி!

தாம்பரம் சானடோரியம் – ரயில் நிலையத்துக்கே பெயர் தந்த மருத்துவமனை! 1928-இல் டாக்டர் சவரிமுத்து தொடங்கினார்; 1937-இல் அரசு ஏற்றது. காசநோயால் இருமும் ஏழை படுக்கும் கட்டில் அங்கே. அந்தக் கட்டிலின் கதியை முடிவு செய்யும் நாற்காலியில் அவனும் அமர வேண்டாமா? கேட்கிறோம்!

2005-இல் வந்த தேசிய ஊரக நலவாழ்வுத் திட்டம், நோயாளர் நலச் சங்கங்களை வகுத்தது. அதிகாரி உண்டு, உள்ளாட்சிப் பிரதிநிதி உண்டு, நியமனம் பெற்றோர் உண்டு. மக்கள் நேரே வாக்களிக்கும் பெட்டி மட்டும் இல்லை!

இங்கிலாந்திலோ 2004 முதல், 'பவுண்டேஷன் டிரஸ்ட்' மருத்துவமனைகளில் ஆளுநர்களில் பெரும்பாலோரை மக்களே வாக்களித்து அமர்த்தினர். மேலிருந்து இறக்கப்பட்ட ஆளுநரல்லர். நிர்வாகக் குழுத் தலைவரை நியமிக்கவும் நீக்கவும் உரிமை பெற்ற மக்கள் ஆளுநர்!

அறுவை டாக்டர் பொறுப்பு, மறுக்கவில்லை. மருந்து ஏன் தீர்ந்தது, வரிசை ஏன் நீண்டது என்று கேட்பது நம் பொறுப்பு. வரி நமது, வலி நமது, வாக்கும் நமதாகட்டும், தோழர்களே!