அங்கீகாரம் முடிந்த தேதி

ஊட்டியிலிருந்து குண்டுலுப்பேட்டை வழியாக மைசூருக்குப் போகிறவர்களுக்கு நஞ்சன்கூடு தெரிந்த ஊர். கபிலை ஆறு, ஸ்ரீகண்டேஸ்வரர் கோயில், ரசவாழைப்பழம் என்று அதற்குப் பழைய பெருமைகள் பல. பிற்காலத்தில் வந்து சேர்ந்தது தொழிற்பேட்டை. நெஸ்லே ஆலை 1989-இல் இங்கே தொடங்கியது. மருந்துக் கம்பெனிகளும் வந்தன. ஷிஃப்ட் முறையில் வேலை பார்க்கிறவர் காலை பத்து மணிக்குக் கல்லூரி வகுப்பில் உட்கார முடியாது. அவருக்குப் பக்கத்தில் இருக்கும் வாய்ப்பு, சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி மைசூரின் முக்தகங்கோத்ரி வளாகத்தில் உள்ள கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 1969-இல் மைசூர் பல்கலைக்கழகத்தின் அஞ்சல்வழிக் கல்வி நிறுவனமாகப் பிறந்து, 1996-இல் தனிப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது அது.

2015 ஜூன் 16-ஆம் தேதி பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, ஒரு பொது அறிவிப்பு வெளியிட்டது. 2012-13 கல்வியாண்டுக்குப் பிறகு இந்தப் பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் தரப்படவில்லை என்றது அறிவிப்பு. கர்நாடக எல்லைக்கு வெளியிலும் மையங்கள் நடத்தியது, தனியார் நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து தொழில்நுட்பப் படிப்புகள் வரை நடத்தியது ஆகியவை குற்றச்சாட்டுகள்.

தேதிகளைக் கவனிக்க வேண்டும். அங்கீகாரம் நின்றது 2013-இல். ஊரறியச் சொன்னது 2015-இல். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் பணம் கட்டிச் சேர்ந்தவர்கள் என்ன தவறு செய்தார்கள்? அலுவலகங்களுக்கு இடையே எத்தனை கடிதங்கள் போனாலும், சேர வருகிறவர் கண்ணில் படுவது பொது அறிவிப்பு மட்டும்தான்.

கல்லூரிகளைக் கண்காணிக்கும் இந்த வேலையை யார் செய்கிறார்கள் என்பதே பலருக்கும் புரியாத சங்கதி. நஞ்சன்கூட்டில் ஒரு அறக்கட்டளை கலைக் கல்லூரி தொடங்க நினைத்தால், 1916-இல் நிறுவப்பட்ட மைசூர் பல்கலைக்கழகத்திடம் இணைப்புக் கேட்க வேண்டும். மாநில அரசின் ஒப்புதலும் தேவை. பொறியியல் என்றால் ஏஐசிடிஇ அனுமதி, பெலகாவியில் உள்ள விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு. பி.எட். என்றால் தேசிய ஆசிரியர் கல்விக் குழு. மருந்தியலுக்கு பார்மசி கவுன்சில். இவற்றுக்கு மேல், தரத்தை மதிப்பிட்டு 'ஏ', 'பி' என்று கிரேடு கொடுக்க, 1994-இல் தொடங்கிய 'நாக்' அமைப்பு பெங்களூரில் இருக்கிறது.

இணைப்பு கேட்ட கல்லூரிக்கு நேரில் வருவது உள்ளூர் விசாரணைக் குழு. கர்நாடகக் கல்லூரிகளில் எல்ஐசி என்பார்கள். தமிழ்நாட்டில் இதையே 'கமிஷன் வருது' என்று சொல்வது வழக்கம். நிலப் பத்திரம், கட்டடம், ஆய்வகம், நூலகம், ஆசிரியர் பட்டியல் எல்லாம் சரிபார்க்கப்படும். அன்று ஒரு நாளைக்கு மட்டும் வேறு கல்லூரியிலிருந்து ஆசிரியர்களைக் கூட்டிவந்து உட்காரவைப்பதும், நூலக அலமாரியை இரவல் புத்தகங்களால் நிரப்புவதும் கல்லூரி வட்டாரத்தில் எல்லோரும் அறிந்த தந்திரங்கள். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. சம்பளம் வங்கிக் கணக்கில் மாதாமாதம் ஏறியிருக்கிறதா, வருங்கால வைப்பு நிதி பிடித்தமாகிறதா, நூலகப் பதிவேட்டில் புத்தகம் எந்தத் தேதியில் பதிவானது, ஆய்வகத்துக்கு ரசாயனம் வாங்கிய ரசீது எங்கே என்று கேட்டாலே பாதி உண்மை வெளிவந்துவிடும். கேட்கத் துணிவும் நேரமும் வேண்டும். மாலைக்குள் அறிக்கை எழுதிக் கிளம்ப நினைக்கிற குழுவுக்கு இரண்டுமே இருக்காது.

துணிவு கெட்டால் என்ன ஆகும் என்பதை 2025 பிப்ரவரி காட்டியது. ஆந்திராவில் ஒரு கல்வி நிறுவனத்துக்கு உயர்ந்த கிரேடு தரப் பணமும் பொருள்களும் வாங்கியதாக 'நாக்' ஆய்வுக் குழுவினரை சிபிஐ கைது செய்தது. குழுவில் இருந்தவர்கள் பேராசிரியர்களும் பல்கலைக்கழக உயர் பதவிகளில் இருந்தவர்களும். குற்றத்தை நீதிமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் கிரேடைப் பார்த்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோருக்கு அந்தச் செய்தி ஏற்படுத்திய அதிர்ச்சி நியாயமானது.

இதற்கு நேர் எதிரான முன்மாதிரியும் இந்த நாட்டில் உண்டு. சத்தீஸ்கர் அரசு 2002-இல் இயற்றிய சட்டத்தின் கீழ் நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் பல்கலைக்கழகங்கள் முளைத்தன. பலவற்றுக்குச் சொந்தக் கட்டடம்கூட இல்லை. முன்பு யுஜிசி தலைவராக இருந்த இயற்பியலாளர் யஷ்பால் உச்ச நீதிமன்றம் போனார். பதவியை விட்டு இறங்கிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தும், பொறுப்பு தன்னை விட்டுப் போய்விட்டதாக அவர் நினைக்கவில்லை. 2005 பிப்ரவரியில் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் உரிய பிரிவுகளை ரத்து செய்தது; பல்கலைக்கழகங்கள் இல்லாமல் போயின. அதே தீர்ப்பில், அங்கே படித்துக்கொண்டிருந்த மாணவர்களைக் காக்க அந்த நிறுவனங்களை ஏற்கெனவே இருக்கும் அரசுப் பல்கலைக்கழகங்களோடு இணைக்க மாநில அரசு நடவடிக்கை எடுக்கலாம் என்றும் சொன்னது. மூடும்போதே உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு கதவு திறந்துவைக்கப்பட்டது.

யுஜிசியின் கையில் உள்ள அதிகாரமோ விசித்திரமானது. 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பட்டம் கொடுக்கத் தகுதியில்லாத நிறுவனம் பட்டம் கொடுத்தால் அபராதம் அதிகபட்சம் ஆயிரம் ரூபாய். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை அது அவ்வப்போது வெளியிடுகிறது; ஆனால் பட்டியலில் ஏறிய பெயர்கள் பல ஆண்டுகள் அப்படியே தொடர்வதற்கு இந்த ஆயிரம் ரூபாயும் ஒரு காரணம். மானியத்தை நிறுத்தலாம் என்றால், மானியமே வாங்காத நிறுவனத்துக்கு அது ஒரு தண்டனையா? மிஞ்சுவது அறிவிப்பு ஒன்றுதான். அதனால்தான் அறிவிப்பு எந்தத் தேதியில் வருகிறது என்பது இத்தனை முக்கியமாகிறது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது அயலூர்க் கதை அல்ல. 2022 மார்ச்சில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகள் பற்றி யுஜிசி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அங்கீகாரம் 2014-15 வரைதான் இருந்தது என்றது அது. இங்கே இடைவெளி ஏழு ஆண்டுகள்.

இங்கிலாந்தில் 2018 முதல் இயங்கும் ஆஃபீஸ் ஃபார் ஸ்டூடன்ட்ஸ் என்ற ஒழுங்குமுறை ஆணையம், நிறுவனத்தைப் பதிவு செய்யும்போதே மாணவர் பாதுகாப்புத் திட்டம் ஒன்றைக் கேட்கிறது. படிப்போ கல்லூரியோ நின்றுபோனால் மாணவரை எங்கே சேர்ப்பது, கட்டணத்துக்கு என்ன வழி என்பதை முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். நம் ஊரிலும் இது இருந்திருக்க வேண்டும். இந்தியாவில் யுஜிசி, ஏஐசிடிஇ, ஆசிரியர் கல்விக் குழு மூன்றையும் ஒரே அமைப்பாக்கும் மசோதா 2025 டிசம்பரில் மக்களவைக்கு வந்து, நாடாளுமன்றக் கூட்டுக் குழுவுக்குப் போயிருக்கிறது. அதிகாரம் ஒரே இடத்தில் குவிவது பற்றிய விவாதம் நடக்கட்டும். அதோடு, அங்கீகாரம் ரத்தானால் எத்தனை நாளுக்குள் ஊருக்குச் சொல்ல வேண்டும், உள்ளே இருக்கும் மாணவரை யார் ஏற்பது என்ற இரண்டு கேள்விகளுக்கும் சட்டத்திலேயே விடை இருக்க வேண்டும்.

மைசூர்த் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு 2018-19 கல்வியாண்டு முதல் 17 படிப்புகளுக்கு மீண்டும் அங்கீகாரம் கிடைத்தது. இன்று அங்கேயோ வேறு எங்கேயோ தொலைநிலைப் படிப்பில் சேர நினைப்பவர்கள், பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்த்து நின்றுவிடக் கூடாது. அங்கீகாரம் படிப்புவாரியாக, ஆண்டுவாரியாகத் தரப்படுகிறது. யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் அந்தப் பட்டியல் இருக்கிறது. சேரப்போகும் படிப்பும் கல்வியாண்டும் அதில் இருக்கின்றனவா என்று பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கட்டண ரசீதோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.