குழாயின் வாட்டத்தைக் கணினியிலேயே பார்ப்பது

கட்டடத்துக்குள் ஓடும் கழிவுநீர்க் குழாய்க்கு மோட்டார் கிடையாது. தண்ணீரை நகர்த்துவது வாட்டம்தான். அது குறைந்தால் ஓட்டம் மந்தமாகி, கூடவே வரும் திடக்கழிவு குழாயின் அடியில் படிந்துவிடும். அப்படிப் படியாமல் இருக்க நொடிக்குச் சுமார் 0.75 மீட்டர் வேகம் வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. 4 அங்குலக் குழாய்க்கு 40-க்கு 1, 6 அங்குலத்துக்கு 60-க்கு 1 என்று வாட்டம் சொல்லும் மக்வயர் விதி கணினிக்கு வெகுகாலம் முந்தையது.

18 மீட்டர் நீளமுள்ள ஒரு வராந்தாவை எடுத்துக்கொள்வோம். 40-க்கு 1 என்றால் 4 அங்குலக் குழாய் மறுமுனைக்குப் போவதற்குள் 450 மில்லிமீட்டர் இறங்கியிருக்கும். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, பீமுக்கும் ஏசி டக்ட்டுக்கும் நடுவில் அவ்வளவு இடம் இருக்கிறதா? தாளில் போட்ட பிளானில் இது தெரியாது. அங்கே குழாய் ஒரு கோடு, பக்கத்தில் ஓர் அம்புக்குறி, ஓர் எண், அவ்வளவுதான்.

'பிம்' எனப்படும் முப்பரிமாண மாதிரியில் குழாயின் இரு முனைகளுக்கும் உயரம் உண்டு. ரெவிட் போன்ற மென்பொருளில் வரைந்ததை ஐஎஃப்சி கோப்பாக மாற்றி, சொலிப்ரி போன்ற சரிபார்ப்புக் கருவியில் திறக்கலாம். 2013-இல் ஐஎஸ்ஓ 16739 என்ற எண்ணில் சர்வதேசத் தரமாக வந்த கோப்பு வடிவம் ஐஎஃப்சி. 6 மீட்டர் குழாயின் ஒரு முனை 2.850 மீட்டர் உயரத்திலும் மறுமுனை 2.790 மீட்டரிலும் இருந்தால் இறக்கம் 60 மில்லிமீட்டர், அதாவது 100-க்கு 1. யாரோ எழுதிவைத்த வாட்ட எண்ணை நம்புவதைவிட இப்படி முனைகளிலிருந்து கணக்கிடுவதே சரி. குழாயை நகர்த்தியவர் எண்ணை மாற்ற மறந்திருக்கலாம்.

மொத்த இறக்கத்தை மட்டும் பார்ப்பதும் ஆபத்து. 6 மீட்டர் குழாய்கள் மூன்று. முதலாவது 90 மில்லிமீட்டர் இறங்குகிறது, நடுவில் உள்ளது 20 ஏறுகிறது, கடைசி 110 இறங்குகிறது. கூட்டிப் பார்த்தால் 180. சராசரி 100-க்கு 1; கேட்ட வாட்டமும் அதுவே என்றால் குறையே இல்லை. ஆனால் நடுக்குழாயின் தொடக்கத்தில் அழுக்குத் தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்கும். அதனால் ஒவ்வொரு குழாயையும் தனித்தனியே, ஓட்டத்தின் திசையோடு பார்க்க வேண்டும். வரைபவர் கோட்டை எந்த முனையில் தொடங்கினார் என்பது தண்ணீரின் திசை ஆகாது. தண்ணீர் போய்ச் சேரும் சேம்பரில் தொடங்கி, இணைப்பு இணைப்பாகப் பின்னோக்கிப் போவது எனக்குப் பிடித்த வழி. போகப் போக உயரம் கூடிக்கொண்டே வர வேண்டும். எங்கே குறைகிறதோ அங்கே பிழை.

செங்குத்துக் குழாய்களையும், அழுத்தத்தில் ஓடும் குடிநீர்க் குழாய்களையும் இந்தச் சோதனையில் சேர்க்கக் கூடாது. 1 சதவீதம் கேட்ட இடத்தில் 0.998 வந்தால் அதையும் பிழையென்று சிவப்பாகக் காட்டாதபடி சிறிது தளர்வு கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பொய்ப் பிழைகள் குவிந்து, உண்மையான பிழை கண்ணில் படாமல் போகும்.

இந்தச் சோதனையைக் கான்கிரீட் போடுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பீமில் குழாய்க்கு எந்த உயரத்தில் துளை விடுவது என்பதை வாட்டம்தான் முடிவு செய்கிறது. இறுகிய பீமில் பிறகு துளை போட்டால் உள்ளே இருக்கும் கம்பி அறுபடலாம்.